இரண்டு டின் எபாக்ஸியும் ஒரு ஜெர்மன் பேராசிரியரும்: மூலக்கூறு வளையத்தின் ‘இறுக்கத்தை’ விளக்கிய அடால்ஃப் வான் பேயர்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ஒரகடம் பக்கம் திரும்பினால் வரிசையாகத் தொழிற்சாலைகள். அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், பல ஷெட்டுகளின் தரை கண்ணாடி மாதிரி பளபளக்கும். அதுதான் எபாக்ஸி ஃப்ளோரிங்.

அந்தத் தரையைப் போடுவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? இரண்டு டின் வரும். ஒன்றில் ரெசின், இன்னொன்றில் ஹார்டனர். இரண்டையும் வாளியில் ஊற்றிக் கலக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் வாளி சூடாகும். யாரும் அடுப்பு மூட்டவில்லை, ஆனாலும் சூடு. குறித்த நேரத்துக்குள் தரையில் பரப்பிவிடணும். இல்லைன்னா வாளியிலேயே கல்லாகிவிடும்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு, ரெசினுக்குள் இருக்கும் குட்டி குட்டி வளையங்களிலிருந்து. மூன்றே அணுக்கள் கைகோத்து நிற்கும் வளையங்கள் அவை. வலுக்கட்டாயமாக வளைக்கப்பட்ட ஸ்பிரிங் போல இறுகிக் கிடக்கும். ஹார்டனர் வந்து தொட்டதும் பட்டென்று திறக்கும். அடைபட்ட ஆற்றல் சூடாக வெளியே வரும்.

இதற்கு ‘ரிங் ஸ்ட்ரெய்ன்’, அதாவது வளைய இறுக்கம் என்று பெயர். இதை முதன்முதலில் கோணக் கணக்கு போட்டு விளக்கியவர் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர். ஆண்டு 1885.

சுவாரசியம் என்னவென்றால், அந்த விளக்கத்தில் பாதி சரி, பாதி தப்பு. சரியான பாதிக்கு வழிவிட்டது, அவர் பேச்சைக் கேட்காத ஒரு மாணவன். தப்பான பாதியைச் சுட்டிக்காட்டிய இளைஞரின் பேச்சையோ அவர் காலத்தில் பெரும்பாலும் யாருமே கேட்கவில்லை.

யார் இந்த பேயர்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆஸ்பிரின் தயாரித்த பேயர் கம்பெனிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அது ஃபிரெட்ரிக் பேயர் என்பவர் 1863-ல் தொடங்கியது. இவர் வேறு.

அடால்ஃப் பேயர் 1835 அக்டோபர் 31 அன்று பெர்லினில் பிறந்தார். அப்பா பிரஷ்ய ராணுவ அதிகாரி, பூமியை அளப்பதில் பெயர் பெற்ற நில அளவை நிபுணர். மகனுக்கோ சின்ன வயதிலிருந்தே ரசாயனம்தான். 12 வயதில் வீட்டுப் பரிசோதனையிலேயே செம்பு கலந்த ஒரு புதிய உப்பைத் தயாரித்துவிட்டார். 13-வது பிறந்தநாளுக்கு அவர் வாங்கியது பொம்மை இல்லை. இரண்டு தாலர் காசு கொடுத்து ஒரு துண்டு நீலச்சாயம், இண்டிகோ. அந்த நீலம் அவரை ஆயுசு முழுக்க விடவில்லை.

பெர்லினில் முதலில் கணிதமும் இயற்பியலும் படித்தார். ராணுவப் பயிற்சி முடிந்ததும் ஹைடல்பெர்க் போய் புன்சனிடம் வேதியியல். ஆமாம், பள்ளி ஆய்வகத்தில் எரியும் ‘புன்சன் பர்னர்’ புன்சன்தான். பிறகு அங்கேயே தனி ஆய்வகம் வைத்திருந்த கெகுலேவிடம் சேர்ந்தார். பென்சீன் ஒரு வளையம் என்று பின்னாளில் உலகுக்குச் சொன்னவர் இந்த கெகுலே. 1858-ல் பேயருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது.

1860 முதல் 12 வருடம் பெர்லின் தொழிற்கல்வி நிறுவனத்தில் ஆசிரியர். அங்கே வெளிவந்த வேலைகளின் பட்டியல் நீளம். 1864-ல் பார்பிட்டூரிக் அமிலம். தூக்க மருந்துகளில் ஒரு பெரிய குடும்பமே பின்னாளில் இதிலிருந்து வந்தது. 1868-ல் அவரது ஆய்வகத்தில் கிரேபேயும் லீபர்மனும் அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தைச் செயற்கையாகத் தயாரித்தனர். நம்மூர் சாயவேரில் இருக்கும் அதே சிவப்புதான் அது.

1871-ல் ஃபீனால்ஃப்தலீன். பிளஸ் டூ டைட்ரேஷனில் ஒரே சொட்டில் பிங்க் ஆகுமே, அது. படிக்காதவர்களுக்கும் இது தெரிந்த சரக்குதான். லஞ்ச ஒழிப்பு போலீசார் ‘ரசாயனம் தடவிய நோட்டு’ கொடுத்துப் பிடித்தார்கள் என்று அடிக்கடி செய்தி வரும். நோட்டில் தடவுவது ஃபீனால்ஃப்தலீன் பவுடர். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவினால் தண்ணீர் பிங்க் ஆகும். லஞ்ச ரெய்டுக்கும் பேயருக்கும் அப்படியொரு தொடர்பு.

1872-ல் ஸ்ட்ராஸ்பர்க், 1875-ல் மியூனிக். மியூனிக்கில் லீபிக் என்ற ஜாம்பவான் இருந்த நாற்காலி இவருக்கு வந்தது. அடுத்த 40 ஆண்டுகள் அங்கேதான்.

நீலம்: புகழ் அவருக்கு, அடி யாருக்கு?

பேயரின் பெயரை உலகம் அறிந்தது இண்டிகோவால். 1865-ல் அதைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியவர், 1880-ல் முழுக்கச் செயற்கையாகவே தயாரித்தார். 1883-ல் அதன் மூலக்கூறு அமைப்பையும் சொன்னார். ஆனால் அவருடைய வழியில் செலவு அதிகம். ஹாய்மன் என்ற வேறொரு வேதியியலாளரின் வழியைப் பிடித்து, 1897-ல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் மலிவான செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அதோடு இந்தியாவின் அவுரி வியாபாரம் சரிந்தது. வங்காளம், பீகார் மட்டுமல்ல, கடப்பா, தென்னாற்காடு என்று சென்னை மாகாணமும் நீலம் விளைவித்த பூமி. விலை விழுந்தபோது பீகாரின் சம்பாரணில் தோட்ட முதலாளிகள் அந்த நஷ்டத்தை விவசாயிகள் தலையில் கட்டினார்கள். அவுரிக் கட்டாயத்திலிருந்து விடுவிக்க வேண்டுமானால் குத்தகையைக் கூட்டித் தா என்று அழுத்தினார்கள். 1917-ல் காந்தி சம்பாரணுக்குப் போனதன் பின்னணியில் இதுவும் உண்டு. அதே 1917-ல்தான் பேயர் இறந்தார்.

இன்றைக்கும் இதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி பயிராகிறது. இயற்கைச் சாயம் தேடும் சந்தைக்காக.

சரி, வளையத்துக்கு வருவோம்.

‘வேண்டாம்’ என்றார் ஆசிரியர், செய்தே காட்டினான் மாணவன்

1880-களின் தொடக்கத்தில் வேதியியலாளர்களுக்கு ஆறு கார்பன் வளையம் நன்றாகத் தெரியும். அதைவிடச் சின்ன வளையங்கள் நிலைக்குமா என்பதில்தான் சந்தேகம். மூன்று கார்பன் வளையத்தைத் தயாரித்ததாக ஆகஸ்ட் ஃப்ராய்ண்ட் 1881-ல் அறிவித்திருந்தார். ஆனாலும் துறையின் பொதுக்கருத்து மாறவில்லை.

1882-ல் மியூனிக் வந்து சேர்ந்தார் ஓர் ஆங்கிலேய இளைஞர். பெயர் வில்லியம் ஹென்றி பெர்கின், ஜூனியர். 1856-ல் முதல் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த பெர்கினின் மகன். சின்ன வளையங்களைச் செய்து பார்க்கணும் என்பது அவர் ஆசை. பேயர் உள்ளிட்ட மூத்தவர்கள் இது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை, நேரத்தை வீணாக்க வேண்டாம் என்ற தோரணையில் அறிவுரை சொன்னார்கள்.

பெர்கின் விடவில்லை. 1883-ல் நான்கு கார்பன் வளையம் கொண்ட ஒரு பொருளைத் தயாரித்துவிட்டார். அடுத்து மூன்று கார்பன் வளையமும் வந்தது. ஆசிரியர் முடியாது என்று நினைத்தது, அவருடைய ஆய்வகத்துக் குடுவையிலேயே கிடந்தது.

இந்த இடத்தில் பேயரைப் பாராட்டத்தான் வேண்டும். அவர் முகம் சுளிக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போனார். சின்ன வளையம் உருவாகும், சரி. ஆனால் அது ஏன் இவ்வளவு சுலபமாக உடைகிறது?

ஈர்க்குச்சி கணக்கு

பதில் 1885-ல் வந்தது. அதுவும் தனிக் கட்டுரையாக இல்லை. அப்போது அவர் மூன்றடுக்குப் பிணைப்புகள் கொண்ட, தொட்டால் வெடிக்கிற பொருட்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவை ஏன் வெடிக்கின்றன என்று யோசித்து, அந்தக் கட்டுரையின் கடைசியில் இணைப்பு போலச் சேர்த்ததுதான் ‘இறுக்கக் கொள்கை’.

அடிப்படை எளிது. ஒரு கார்பன் அணுவுக்கு நான்கு கைகள். அவை நான்முகியின் மூலைகளை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கைகளுக்கு நடுவே இயல்பான கோணம் 109.5 டிகிரி. இது 1874-லிருந்தே தெரிந்த விஷயம்.

இப்போது மூன்று கார்பன்களை வளையமாகச் சேர்த்தால் அது முக்கோணம். உள்கோணம் 60 டிகிரிதான். 109.5-ஐ 60-க்குள் அடைக்கணும் என்றால் கைகள் வளைந்தே ஆகணும். விளக்குமாற்று ஈர்க்குச்சியை வளைத்துப் பிடிக்கிற மாதிரி. பிடி தளர்ந்தால் பட்டென்று நிமிரும்.

ஒவ்வொரு பிணைப்பும் எவ்வளவு வளைகிறது என்று பேயர் போட்ட கணக்கு:

• 3 கார்பன் வளையம்: உள்கோணம் 60 டிகிரி, வளைவு 24.7 டிகிரி
• 4 கார்பன் வளையம்: உள்கோணம் 90 டிகிரி, வளைவு 9.7 டிகிரி
• 5 கார்பன் வளையம்: உள்கோணம் 108 டிகிரி, வளைவு 0.7 டிகிரி
• 6 கார்பன் வளையம்: உள்கோணம் 120 டிகிரி, வெளிப்பக்கமாக 5.3 டிகிரி

வளைவு எவ்வளவோ, இறுக்கமும் அவ்வளவு. இறுக்கம் எவ்வளவோ, உடையும் அவசரமும் அவ்வளவு. ஒரு பக்கத்தில் எழுதிவிடக்கூடிய கணக்கு, அதுவரை புதிராக இருந்த பலவற்றை விளக்கியது.

எரித்துப் பார்த்தாலும் இது தெரியும். இந்த வளையங்கள் எல்லாமே ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன் கொண்ட அலகுகளால் ஆனவை. ஆறு கார்பன் வளையத்தை எரித்தால் ஓர் அலகுக்குச் சுமார் 659 கிலோ ஜூல் வெப்பம் (ஒரு மோல் அளவுக்கு). மூன்று கார்பன் வளையத்திலோ 697. அலகுக்கு 38 அதிகம், மூன்று அலகுக்குச் சுமார் 115 கிலோ ஜூல். இந்த உபரிதான் வளைத்துப் பிடித்த ஈர்க்குச்சியின் ஆற்றல்.

அதே 1885-ல் அவரது 50-வது பிறந்தநாளையொட்டிப் பிரபுப் பட்டம் கிடைத்தது. பேயர், ‘வான் பேயர்’ ஆனார்.

எங்கே சறுக்கினார்?

மேலே உள்ள பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். கணக்குப்படி மிக வசதியான வளையம் ஐந்து கார்பன். ஆனால் இயற்கையில் எங்கே திரும்பினாலும் ஆறு கார்பன் வளையம். எரித்து அளந்தாலும் ஆறில் இறுக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம். ஐந்தில்தான் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, சுமார் 26 கிலோ ஜூல்.

காரணம், பேயர் எல்லா வளையங்களையும் தாளில் வரைந்த படம் போலத் தட்டையாக நினைத்துக்கொண்டார். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில்தான் இருக்கும், அதனால் மூன்று கார்பனில் கணக்கு பொருந்தியது. ஆறு புள்ளிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லையே! மேலும் கீழுமாக மடங்கிக்கொண்டால் ஒவ்வொரு கோணமும் 109.5-க்கு அருகிலேயே இருந்துவிடும்.

இதைச் சொன்னவர் ஹெர்மன் சாக்ஸே. பெர்லினில் இருந்த இளம் வேதியியலாளர். 1890-ல் எழுதினார்: ஆறு கார்பன் வளையம் தட்டையாக இருக்கத் தேவையில்லை, இறுக்கமே இல்லாத இரண்டு வடிவங்கள் அதற்குச் சாத்தியம். இன்று பாடப் புத்தகத்தில் ‘நாற்காலி’, ‘படகு’ என்று படிக்கிறோமே, அந்த இரண்டுதான்.

யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சாக்ஸே எழுதியதில் கணிதம் அதிகம், வேதியியலாளர்களுக்கு அது பிடிபடவில்லை. நியாயமான ஒரு கேள்வியும் இருந்தது. இரண்டு வடிவம் உண்டென்றால் இரண்டு தனித்தனிப் பொருள் கிடைக்க வேண்டுமே, ஏன் கிடைக்கவில்லை? பேயரே ஆறு கார்பன் வளையச் சேர்மங்களில் பல வருடம் வேலை செய்தவர். தட்டை வளையம் என்று வைத்துக்கொண்டாலே சோதனையில் கிடைத்த வகைகளின் எண்ணிக்கை சரியாக வந்தது. பிறகு ஏன் மாற்ற வேண்டும்?

உண்மை என்னவென்றால், அந்த வளையம் ஒரு நாற்காலி வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு அறை வெப்பத்தில் விநாடிக்கு லட்சம் தடவை அளவில் புரண்டுகொண்டே இருக்கிறது. தனித்தனியாகப் பிடிக்கவே முடியாது. அதை அளக்கும் கருவி அன்றைக்கு யாரிடமும் இல்லை.

அதே காலத்தில் நடந்த இன்னொரு சம்பவம் சுவையானது. 1891 வசந்தத்தில் பேயரும் அவருடைய பழைய மாணவர் எமில் ஃபிஷரும் இத்தாலியின் போர்டிகெராவில் இருந்தார்கள். சர்க்கரை மூலக்கூறுகளின் வடிவம் ஃபிஷருக்குப் பிடிபடவில்லை. பேயர் உடனே ரொட்டித் துணுக்கை உருட்டிக் கார்பனாக்கி, பல்குத்தும் குச்சிகளைப் பிணைப்பாகச் செருகி உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் முயன்று, கடைசியில் கைவிட்டார். ஃபிஷர் பின்னர் தானே அந்தப் புதிரை விடுவித்தார். மூலக்கூறைக் கையில் பிடித்துப் பார்க்கும் ஆர்வம் பேயருக்கு நிறையவே இருந்தது. ஆறு கார்பன் வளையத்தை மடக்கிப் பார்ப்பதுதான் நடக்கவில்லை.

சாக்ஸே 1893-ல் இறந்துவிட்டார். வயது 31. பேயருக்கு 1905-ல் நோபல் பரிசு கிடைத்தது, கரிமச் சாயங்களுக்கும் ஆறு கார்பன் வளைய ஆய்வுகளுக்கும். 1915-ல் ஓய்வு பெற்றார். 1917 ஆகஸ்ட் 20 அன்று மியூனிக் அருகே ஸ்டார்ன்பெர்கில் காலமானார், 81 வயதில்.

அடுத்த வருடமே, 1918-ல், எர்ன்ஸ்ட் மோர் என்பவர் சாக்ஸேயின் கருத்தைத் தூசு தட்டி எடுத்தார். வைரத்துக்குள் கார்பன்கள் அடுக்கியிருப்பதை அதற்குள் எக்ஸ்-ரே காட்டிவிட்டது. அங்கே இருந்ததெல்லாம் நாற்காலி வடிவ ஆறு கார்பன் வளையங்கள்!

புனுகு சொன்ன சாட்சி

பேயர் கணக்கின் இன்னொரு முனையையும் பார்க்கணும். வளையம் பெரிதாகப் பெரிதாக உள்கோணம் கூடும், இறுக்கமும் கூடும். 17 கார்பன் வளையத்துக்கு அதே கணக்கைப் போட்டால் வளைவு 24.7 டிகிரி வருகிறது. அதாவது மூன்று கார்பன் வளையத்துக்குச் சமம். அப்படியொரு பொருள் நிலைக்கவே கூடாது.

ஆனால் அது பல நூற்றாண்டாக நம்மிடையே இருக்கிறது. பெயர் புனுகு. திருமலையில் ஏழுமலையானுக்குச் சாத்தும் புனுகுத் தைலத்தின் வாசனைக்கு முக்கியக் காரணமான சிவெட்டோன், 17 கார்பன் வளையம். கஸ்தூரியின் வாசனைக்குக் காரணமான மஸ்கோன், 15 கார்பன் வளையம். இந்த இரண்டின் அமைப்பையும் 1926-ல் வெளிக்கொண்டு வந்தார் ருசிச்கா. இவ்வளவு பெரிய வளையம் எந்த இறுக்கமும் இல்லாமல் சௌகரியமாக மடங்கிக் கிடப்பதைப் பார்த்து வேதியியல் உலகமே அசந்துபோனது.

பிறகு ஹாசலும் பார்ட்டனும் மூலக்கூறின் வடிவத்தை வைத்தே அது எப்படி வினைபுரியும் என்று சொல்லும் முறையை வளர்த்தெடுத்தார்கள். இருவருக்கும் 1969-ல் நோபல். சாக்ஸே விதைத்தது, அவர் இறந்து 76 வருடம் கழித்து.

சரி, இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

சின்ன வளையத்தைப் பொறுத்தவரை பேயர் சொன்னது இன்றும் நிற்கிறது. நான்கு கார்பனிலும் ஐந்திலும் அவர் கணிக்காத கூடுதல் இறுக்கம் உண்டு. பஸ்ஸில் எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு முழங்கால் இடிக்கிற மாதிரி, பக்கத்துப் பக்கத்து ஹைட்ரஜன்கள் நெருக்கிக்கொள்வதால் வருவது அது. ஆனால் வளைத்தால் இறுகும், இறுகினால் திறக்கத் துடிக்கும் என்ற மூலக் கருத்து மாறவில்லை.

பென்சிலின், அமாக்சிசிலின் மாத்திரைகளில் நான்கு அணு வளையம் ஒன்று இருக்கிறது. பாக்டீரியா தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் நொதியில் அந்த வளையம் திறந்து ஒட்டிக்கொள்கிறது, சுவர் வேலை நின்றுபோகிறது. அப்படித் திறப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இறுக்கம். 2022-ல் வேதியியல் நோபல் வென்ற மூவரில் ஒருவரான கரோலின் பெர்டோசி, வேண்டுமென்றே இறுக்கமாக்கிய எட்டு கார்பன் வளையங்களைக் கொண்டுதான் உயிருள்ள செல்களின் மேல் வேதி அடையாளம் ஒட்டினார்.

ஒரகடம் பக்கம் திரும்பினால், தரை மட்டுமில்லை. துரு பிடிக்காமல் இருக்கக் கார் பாடியைத் தொட்டியில் முக்கி எடுத்துப் பூசும் முதல் பூச்சு இருக்கிறதே, அதற்கான ரெசினும் பெரும்பாலும் எபாக்ஸி வளையங்களைத் திறந்து தயாரிக்கப்படுவதுதான். இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த முக்கோணம். அதன் இறுக்கமும் மூன்று கார்பன் வளையத்துக்கு நிகர்.

இதில் வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்த வளையம் திறக்க ஹார்டனர்தான் வேண்டும் என்றில்லை. தோலில் உள்ள புரதமும் போதும். காயாத எபாக்ஸி ரெசின் கையில் படப் பட, சிலருக்குத் தோல் அலர்ஜி வரும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே அரிப்பும் கொப்புளமும் வரலாம். ஹார்டனர் பங்குக்குத் தோலை எரிக்கும். காய்ந்து இறுகிய தரையில் இந்தப் பயம் பெரிதாக இல்லை, வளையங்கள் அநேகமாக எல்லாமே திறந்து முடிந்திருக்கும். ஆபத்து, டின் திறந்து கலக்குகிற அந்த நேரத்தில்தான்.

ஆகவே வாளி சூடாகும்போது கையில் ரசாயனத்தைத் தாங்கும் கையுறை இருக்கணும். 24.7 டிகிரிக்கு வளைத்து வைத்த ஈர்க்குச்சிகள், வாளி நிறைய ஒரே சமயத்தில் நிமிர்ந்துகொண்டிருக்கின்றன.